ஜுஃபேரில் ஐந்து நாள்

வாசலிலேயே கைபேசிகளை வாங்கி
நீல பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார் நிதால்.
அலையை நிறுத்தாது, ஆசையை நிறுத்தும் என்றார்.

பதினோரு பேர். கழுத்து அட்டையில் முதல் பெயர் மட்டும்.
யார் அனுப்பியது என்று கேட்கக் கூடாது.
கேட்காமலே தெரிந்தது:
வங்கிக்காரரின் காலணி,
அரண்மனையில் இருப்பவரின் ஊது வாசனை,
என் காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ.
பன்னிரண்டு வருடம் கேமராவுக்கு ஒயர் இழுத்தவன் நான்.
மாட்டியவனையே
கழற்றப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.
கட்டணம் கம்பெனியுடையது,
இரண்டு வருடத்துக்குள் விலகினால் என்னுடையது.

இரண்டாம் நாள், கம்பு போன்ற அந்தக் கருவி.
துடைப்பம் பிடிப்பதுபோல் பிடித்து
சுவரோரம் மெல்ல நகர்த்த வேண்டும்.
அணைத்து வைத்த ஒட்டுக்கேட்பானும்
இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடும்.
இரண்டாவது விளக்கு ஏறினால் சில்லு.
மூன்றாவது ஏறினால் துரு.
சந்தேகமா, ரப்பர் சுத்தியலால் தட்டு.
துரு தடுமாறும். சில்லு அசையாது.
கடலைத் தூர்த்து எழுப்பிய இடம் இது,
இங்கே ஒவ்வோர் ஆணியும் பேசும் என்றார் நிதால்.

தேநீர் இடைவேளைக்கு அட்டவணையில்
'அறிமுக நேரம்' என்று பெயர்.
விசிட்டிங் கார்டு நீட்டினால்
வெளிச்சத்தில் தூக்கி, தடிமன் பார்த்து,
பிறகுதான் பைக்குள் வைக்கிறார்கள்.
பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே,
இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.
பகீத் சிரித்தார். சூடான்காரர், ராணுவத்தில் சிக்னல் பிரிவு.
அவர்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டாம்.
சொல்லவில்லை.

நான்காம் நாள் தேர்வு. ஒன்பதாம் மாடி அறை.
ஏழு ஒளித்திருக்கிறேன், மூன்று மணி நேரம்.
நான், பகீத், மணிலாவின் ரோவெனா.
மல்டிபிளக்கில் ஒன்று, டிஷ்யூ பெட்டியில் ஒன்று,
திரைச்சீலையின் மடித்துத் தைத்த ஓரத்தில் ஒன்று.
கிப்லா காட்டும் அம்புக்குறிக்குப் பின்னால் ஒன்று,
அதில் கைவைக்க யாருக்கும் மனம் வராமல்
போயின இருபது நிமிடம்.
ஏழும் ஆயிற்று. நேரம் மிச்சம்.

குளியலறைக் கூரை, ஏசிப் பலகை.
இரண்டாவது விளக்கு.
தட்டினேன். அசையவில்லை.
எட்டு.

திருகைக் கழற்றினால்
ஷாம்பு வாசனை போகாத பிளாஸ்டிக் பையில் ஒரு போன்,
கண்ணாடி உடைந்தது.
நாங்கள் பார்க்கும்போதே திரை எரிந்தது, சத்தமில்லாமல்.
பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன், முன்பல் இல்லை.
பெயர் எனக்குத் தெரியாத எழுத்தில்.
ஹபஷி என்றார் பகீத்.

வேலையாள் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தது:
பணி நேரத்தில் கைபேசி இருந்தால் பத்து தினார் அபராதம்.
காலையில் தாழ்வாரத்தில் துவாலை வண்டியோடு ஒரு பெண்.
வண்டியின் எந்தச் சக்கரம் கீச்சிட்டது என்று
மூவராலும் சொல்ல முடியும்.
முகம் யாருக்கும் நினைவில்லை.

திரை அணைந்தது. மறுபடி எரிந்தது.

பகீத் பலகையை மூடினார்.
நான்கு திருகும், அவற்றின் வெட்டு
முன்பு எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ
அந்தப் பக்கமே.
அறிக்கையில் ரோவெனா எழுதினார்:
குளியலறைக் கூரை, மூன்றாவது விளக்கு, துரு.

நிதால் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
தட்டிப் பார்த்தீர்களா?
பார்த்தோம்.
தடுமாறியதா?
ரொம்ப, என்றார் ரோவெனா.

ஐந்தாம் நாள் சான்றிதழ். புகைப்படம் கிடையாது.
டின்னைச் சுற்றி அவரவர் போனைத் தேடும் நெரிசலில்
பகீத் தன் கார்டை மறுபடி வாங்கி
பின்பக்கம் பென்சிலால் எழுதினார்:
அச்சில் இல்லாத ஓர் எண்,
தன் பெயர், தகப்பன் பெயர்,
தகப்பனின் தகப்பன் பெயர்,
இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து
இன்னொன்று.